வெள்ளை ஓரம்

கடைக்காரர் மலை வரைபடத் தாள்கள் இரண்டை அக்கம்பக்கமாக விரித்தார். "தம்பி ஏறப்போற மலை ரெண்டு தாள்லயும் விழுது. ரெண்டையும் எடுத்துக்குங்க."

"ரெண்டாவதுல ஒரு மூலைதானேடா வருது. நீ ஓடை வரைக்கும்தானே போறே?" என்றாள் அக்கா ஞானசுந்தரி. "ஏற்கெனவே கழுதைப் பொதி மாதிரி இருக்கு உன் பை."

"சுமக்கப்போற கழுதை நான்தானேக்கா," என்று சிரித்தான் அருமைராஜ். ஆனாலும் அக்கா சொன்னபடி ஒரு தாளோடுதான் கிளம்பினான்.

திரும்பி வராதவனைத் தேடிப் போனவர்கள் பையை மட்டும் கொண்டுவந்தார்கள். உள்ளே அந்தத் தாள் இருந்தது. அதில் உயரம் காட்டும் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் நடக்கிற சரிவு, அவ்வளவுதான் கண்ணுகளா கணக்கு. அவன் ஓடையைத் தாண்டியிருக்கிறான். அச்சு முடிந்த இடத்தில், வெள்ளை ஓரத்தில், மீதி மலையைத் தானே பென்சிலால் வரைந்திருந்தான். கோடுகளைத் தாராளமாக விலக்கி விலக்கி, மாட்டுவண்டிகூட இறங்கலாம் போல.

ஞானசுந்தரி மற்றத் தாளை வாங்கிவந்தாள். அதன் விளிம்பில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே பழுப்புப் பட்டையாகக் கிடந்தன. தம்பி போன வழியை முழுசாகப் பார்க்க இரண்டையும் ஒட்ட வேண்டும். ஒட்ட, முதல் தாளின் வெள்ளை ஓரத்தை வெட்ட வேண்டும்.

கத்தரிக்கோல் திறந்தபடி மேசையில் கிடக்கிறது. அவள் விரல் அவன் வரைந்த சரிவில் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது.