ஒட்டிக்கொண்ட ராடு

"மறுபடியும் பத்த வைக்கிறியா? நிறுத்தும்மா அந்தக் கருமத்தை!"

மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரரின் தலை முளைத்தது. தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர் ஆன நாளிலிருந்து எல்லோரும் அவரைச் 'செயலாளர்' என்றுதான் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

தையல்காரி கண்ணாடி வைத்த முகமூடியைத் தூக்கினாள். பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் குந்தியிருந்தாள். வெல்டிங் ராடு இரும்புத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது, மெஷின் முனகியது. கையைத் திருகி, ராடை ஒருவழியாகப் பிய்த்தெடுத்தாள்.

"உன் குச்சி அங்க ஒட்டுறப்பல்லாம் இங்க ஃபேன் படுத்துக்குது. வாஷிங் மெஷின் மூச்சு வாங்குது. மோட்டார் புகைஞ்சுதுன்னா உங்கப்பனா வந்து பார்ப்பான்?"

"கத்துக்கிறப்ப ஒட்டத்தான் சார் செய்யும். இன்னிக்கு ஒரு நாள்தான்."

பன்னிரண்டு வருஷம் சட்டை தைத்த கம்பெனி ஒரே நாளில் பூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான். கதவு, ஜன்னல் கம்பி செய்கிற பட்டறைக்காரர் மட்டும், "ரெண்டு தகட்டை என் கண்ணு முன்னாடி ஒட்டிக் காட்டு, அன்னிக்கே வேலை" என்று சொல்லியிருந்தார். ஒட்டிக் காட்ட வேண்டியது நாளைக் காலையில்.

இருப்பதிலேயே மலிவான மெஷினாகப் பார்த்து வாங்கி, செல்போனில் வீடியோ பார்த்துப் பத்து நாளாகப் பழகுகிறாள். முதல் நாள் போட்டதெல்லாம் காக்கா எச்சம் மாதிரி சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. இன்றைக்குத்தான் நாலு விரல் நீளத்துக்குத் தையல் போட்டாற்போல நேராக வந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட இந்த மனுஷன் விடவில்லை.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டு ஓனர் இறங்கி வந்தார்.

"வாங்க சார், நல்லா பாருங்க" என்றார் செயலாளர். "இது வீடா, பட்டறையா? புகை, சத்தம், கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். என் வீட்டுல ஒரு சாமான் ஒழுங்கா ஓடலை."

ஓனர் தலையைச் சொறிந்தார். "மாடியில எனக்கு ஒண்ணும் தெரியலையே. ஃபேன் பாட்டுக்கு ஓடுது, டிவி பாட்டுக்கு ஓடுது."

"உங்க லைன் வேற சார், உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த ஓட்டை மெஷின் தெருவையே உறிஞ்சுது. நாளைக்கு வீடு பத்திக்கிச்சுன்னா கோர்ட்டுக்கு அலையப் போறது நீங்கதான்."

கோர்ட் என்றதும் ஓனரின் முகம் சுண்டிப்போனது. அதுவரை சும்மா இருந்த மனுஷன் விறைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இன்னிக்கே இதை எடுத்துடு. இல்லையா, வீட்டைக் காலி பண்ணிடு."

"சார், நாளைக்குக் காலையில பட்டறைக்குப் போகணும். சாயங்காலம் வரைக்கும் விட்டீங்கன்னா போதும் சார்."

"ஒரு நிமிஷம்கூட முடியாது." பதில் சொன்னது ஓனர் இல்லை, செயலாளர். "தைக்கத் தெரிஞ்சவ தைச்சுக்கிட்டு மூலையில கிடக்க வேண்டியதுதானே? பொம்பளைக்கு எதுக்கு நெருப்போட விளையாட்டு?"

கசடு தட்டுகிற சுத்தியல் அவள் கையில்தான் இருந்தது. சுவரைத் தாண்டிப் பறந்துவிடுமோ என்ற பயத்தில் அதைக் கீழே வைத்தாள்.

"சரி சார். கழட்டிடறேன்."

"இப்பவே கழட்டணும். என் கண்ணு முன்னாடி கழட்டணும்" என்றபடி செயலாளர் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளேயே வந்துவிட்டார். இடுப்பில் கை வைத்து நின்ற நிற்பைப் பார்த்தால் கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

பிளக்கில் செருகினால் உருகுகிறது என்று மெஷினின் ஒயரை நேராக மெயின் போர்டிலேயே முடுக்கியிருந்தது. போன வாரம், தெரு முழுக்கக் கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து எலெக்ட்ரீஷியன் செய்துகொடுத்த வேலை. அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போர்டுக்கு முன்னால் போய் நின்றாள். மெயினை அணைக்காமல் ஒயரைத் தொடாதே என்று வீடியோக்காரர் ஒவ்வொரு பாடத்திலும் மூன்று தடவை சொல்வார். அவள் கை மெயினுக்குப் போனது.

"ஏய், ஏய்! மெயினை எதுக்கும்மா தொடற?" செயலாளரின் குரல் கீச்சிட்டது. "மெஷின் சுவிட்சை அணைச்சுட்டுக் கழட்டினா போதாதா?"

"நான் கத்துக்குட்டி சார். சொல்லிக்கொடுத்தபடிதான் செய்வேன்."

"வேண்டாம்மா... மெஷின் இருந்துட்டுப் போகட்டும், நாளைக்குப் பார்த்துக்கலாம்..."

அவள் 'டப்'பென்று மெயினை இறக்கினாள்.

அவள் வீட்டு ஃபிரிட்ஜ் அடங்கியது. மாடியில் டிவி பாட்டுக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம், காலையிலிருந்து உருண்டுகொண்டிருந்த வாஷிங் மெஷின் ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றது.

அங்கிருந்து செயலாளரின் மனைவி கத்தினாள்:

"என்னங்க, நம்ம வீட்டுல மட்டும் கரண்ட் போயிடுச்சு!"