உண்மைப் பெட்டி

ஜான்சி மேசை மேலிருந்த பெட்டியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

வெறும் செருப்புப் பெட்டிதான். மேலே பளபளவென்று கிஃப்ட் பேப்பர் சுற்றி, உண்டியல் மாதிரி ஒரு வாய் கீறி, 'உண்மைப் பெட்டி' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது.

"ஜீவிதா அம்மா, அதை வச்சிடுங்க, ப்ளீஸ்" என்றாள் சின்மயி மிஸ். நாலாம் வகுப்புக்கு நன்னெறி எடுப்பவள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

வைப்பதாவது! இதற்காகத்தானே துணிக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளைகள் எல்லாம் கீழே பிரேயரில் நிற்கிற நேரமாகப் பார்த்து மாடி ஏறியிருக்கிறாள்.

நேற்று சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இந்தப் பெட்டியின் படம் வந்தது. குழந்தைகள் தாங்கள் சொன்ன ஒரு பொய்யைப் பெயர் போடாமல் எழுதியிருக்கிறார்களாம். இன்று வகுப்பில் எல்லாவற்றையும் படித்துப் பேசப்போகிறார்களாம். நாற்பது அம்மாக்கள் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள்.

ஜான்சி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ இன்னாடி எழுதின?" என்று மகள் ஜீவிதாவைக் கேட்டாள். கெஞ்சிப் பார்த்தாள். முதுகில் ஒன்று வைத்தும் பார்த்தாள். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

எழுதுவதற்கு அந்த வீட்டில் வேறு என்ன பொய் இருக்கிறது?

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால்தான் இலவச சீட். ஜான்சியின் வீடு வண்டலூரில். பம்மலில் இருக்கிற அக்கா வீட்டு விலாசத்தைக் கொடுத்து வாங்கிய சீட் இது. ஆறாவது வருஷமாக, காலை ரயிலில் மகளை ஏற்றி, பல்லாவரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, கடைசித் தெருவை மட்டும் நடந்து, ஏதோ பக்கத்திலிருந்து வருகிற மாதிரி கேட்டில் கொண்டுவந்து விடுகிறாள்.

எல்.கே.ஜி.யிலேயே மகளுக்குப் பாடம் எடுத்தாயிற்று. ரயிலைப் பற்றி மூச்சு விடாதே. யாரையும் வீட்டுக்குக் கூப்பிடாதே. யார் வீட்டுக்கும் போகாதே. வீடு எங்கே என்று யாராவது கேட்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடு.

தங்கமான பிள்ளை. ஒரு நாள்கூட வாய் தவறியதில்லை. அதைப் போய் இந்த மிஸ் உசுப்பிவிட்டிருக்கிறாள்.

உண்மையாம், பெட்டியாம்! போன மாதம் ஆபீசர் வந்தபோது, வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற லைப்ரரியைத் திறந்து தூசி தட்டி, தினமும் இங்கே படிக்கிறோம் என்று இதே பிள்ளைகளைச் சொல்லச் சொன்னார்களே, அதை எந்தப் பெட்டியில் போட்டார்கள்? பொய் சொல்ல வைப்பதும் இவர்கள், அதைக் கேட்டு வாங்குவதும் இவர்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா மிஸ் பாடம் இது?" என்று கத்தினாள். "பச்சப் புள்ளைங்க வாயப் புடுங்குறதுதான் நன்னெறியா? நாங்க வண்டலூர்லருந்து வரோம்னு எழுதிட்டிருந்தா? எங்க அக்கா அட்ரஸ வச்சு சீட் வாங்கினது வெளிய தெரிஞ்சா, நீயா வந்து என் பொண்ணுக்கு வேற எடம் வாங்கித் தருவ?"

மரியாதை போய்விட்டது. போகட்டும்.

சின்மயி மிஸ் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மெதுவா பேசுங்க, எச்.எம். ரூம் பக்கத்துலதான் இருக்கு. நான் இன்னும் பெட்டியைத் திறக்கவே இல்லைங்க."

ஜான்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆறு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்ததைத் தன் வாயாலேயே கொட்டியாயிற்று. இவள் போய்ச் சொல்லிவிடுவாளா? முகத்தைப் பார்த்தால் சொல்கிறவளாகத் தெரியவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. இனி இந்தப் பெண்ணுக்கும் நன்றி சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்த ஆத்திரத்தையும் சேர்த்துப் பெட்டியைக் கிழித்தாள். தாள்கள் மேசை முழுக்கச் சிதறின. பல் தேய்க்காமலே தேய்த்துவிட்டேன் என்றது, அண்ணன் பென்சிலை எடுத்துவிட்டு இல்லையென்றது, எல்லாம் இந்த லட்சணம்தான்.

மகள் கையெழுத்து தெரியாதா? நாலாக மடித்த ஒரு தாளைப் பிரித்ததுமே அடையாளம் கண்டு, முதலில் வண்டலூரைத் தேடினாள். இல்லை. ரயில் இல்லை. பெரியம்மா இல்லை.

அப்பாடா!

பெஞ்சில் உட்கார்ந்தாள். சிரிப்புகூட வந்தது. இதற்குப் போயா பிள்ளையை அடித்தோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது. சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் ஒரு பப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

கீழே பிரேயர் முடிந்து பிள்ளைகள் மாடிப்படி ஏறிவருகிற சத்தம் கேட்டது.

அப்புறம்தான் அந்தத் தாளில் என்னதான் இருக்கிறது என்று படித்தாள்.

'இன்று யாருடன் விளையாடினாய் என்று அம்மா தினமும் கேட்பாங்க. நான் தினமும் சும்மா ஒரு பேர் சொல்வேன்.'