ஐந்தாவது கோப்பை

2058 மார்ச் 12. நான் படிக்கும் மாலைப் புகைப்பட வகுப்புக்கு அனுப்பிய படத்தில் ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். முஸ்லிம் தெருவில், அக்கா முறையில் நான் லாத்தா என்று கூப்பிடும் சபூறாவின் வீட்டில், நோன்பு திறக்கும்போது எடுத்த படம். அந்த வீட்டு நால்வரின் முகங்களையும் கவனமாக மறைத்தேன். கஞ்சிக் கோப்பைகளை மறைக்கவில்லை.

நாங்கள் அனுப்பும் படங்களையெல்லாம் பார்க்கும் ஆக்கிரமிப்பு ராணுவத்தின் கணினி இப்போது பாத்திரங்களையும் எண்ணுகிறது. வீட்டுப் பதிவில் நாலு பேர். படத்தில் ஐந்து கோப்பை. ஒளிந்திருக்கும் ஐந்தாவது ஆள் கிடைக்கும்வரை என்று லாத்தாவின் கணவரைப் பிடித்துப் போய்விட்டார்கள்.

"யாருடைய கோப்பை என்று அவர்களிடம் சொல்லவில்லையா லாத்தா?"

"உங்களுக்கு வச்சதுதானே தங்கச்சி. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் காட்டிக்கொடுக்கவா? கஞ்சி ஆறுது, கேமராவை வைங்க என்று அன்றைக்கே சொன்னேன்."

நான் அதில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

நாளை காலை எட்டு மணிக்குச் சோதனைச் சாவடிக்குப் போய், அந்தக் கோப்பை என்னுடையது என்று சொல்ல வேண்டும்.