முடியாத வளைவு

தரை திரும்பிக்கொண்டிருந்தது.

இடப்பக்கமாக, மெதுவாக, மலைப்பாதையில் பஸ் திரும்புவதுபோல. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். தேயிலைச் சரிவு நகர்ந்துகொண்டே இருந்தது.

அவர் வளைவுக்கு ஏற்றபடி இடப்பக்கம் சாய்ந்தார்.

"ஐயா, சாயறீங்க," என்றாள் பிசியோதெரபி செய்யும் ஷர்மிளா.

பனி கலைந்தது. ஆஸ்பத்திரி அறை. எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில், குலை பாரத்தில் சாய்ந்த வாழையாக ஒரு மனிதர். அவருக்கு முட்டுக்கொடுப்பதுபோல் மனைவி சாந்தாமணி, அக்குளில் கைகொடுத்து.

முப்பது வருடம் மலை பஸ்ஸில் கண்டக்டர். கம்பியைத் தொடமாட்டார். உள்ளங்காலில் பசை தடவி வந்த ஆள் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

பக்கவாதம் வந்த பிறகு, அசையாத தரையில் நிற்க முடியவில்லை.

பேச்சும் போய்விட்டது. கழுத்தில் பழைய டியூட்டி விசிலை மாட்டிவிட்டாள் சாந்தாமணி. ஒருமுறை ஊதினால் ஓடி வருவாள். தன் இடுப்பில் வலிக்குப் போடும் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு அவரைத் தூக்குவாள். கட்டிலுக்கு. கக்கூசுக்கு. ஒவ்வொரு தடவையும் அவர் வெட்கத்தில் கூனிக் குறுகிப்போவார்.

இன்று பத்து எண்ணும்வரை தனியாக நின்றால் போதும். இனி அவள் தூக்க வேண்டாம்.

ஷர்மிளா நீல டேப்பை வலது தோளிலிருந்து இடுப்புவரை இழுத்து ஒட்டினாள்.

"இது உங்களத் தாங்காதுங்க ஐயா. சாஞ்சா இழுக்கும். அவ்வளவுதான்."

தரை மறுபடி திரும்பியது. அவர் சாய்ந்தார்.

பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் கண்டக்டர் சட்டையை இழுக்கும் பயணிபோல.

இருங்க, வர்றேன்.

இழுத்த பக்கம் வந்தார்.

பனி விலகியது. நேரான சாலை. இரண்டு மாதமாக முடியாத வளைவு முடிந்திருந்தது. கண்ணாடி மனிதரின் தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன.

அக்குளில் மட்டும் அவள் கை.

வலது கையால் விசிலை எடுத்தார். இத்தனை நாளும் அது ஒற்றை விசிலாகத்தான் ஒலித்தது. பஸ்ஸை நிறுத்தும் விசில்.

கோணிய உதட்டில் வைத்து, இரண்டு முறை ஊதினார்.

சாந்தாமணி கண்டக்டர் பெண்டாட்டி.

கையை எடுத்தாள்.