புல் மட்டும் வளரும் நிலம்

வேளாண்மை அலுவலக ஆய்வாளர் லவோனா வண்டியை விட்டு இறங்குவதற்குள் விவசாயி வெர்லின் வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன ஆபீசரம்மா, இந்த வருஷமும் என்மேல புகாரா?"

"முதல்ல நிலத்தைப் பார்க்கறேன்."

அமெரிக்காவின் மேற்கு கன்சாஸில் எதுவும் விதைக்காமல் புல்லை வளரவிட்டால் அரசு மானியம் தருகிறது. அதை வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்தார் எல்லோரும் நகரத்துக்குப் போய்விட்டார்கள். மனைவி இறந்த பிறகும் வெர்லின் மட்டும் போகவில்லை.

அவர் மானியத்தையும் வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமாகக் கோதுமை விதைத்திருப்பதாக வருடந்தோறும் யாரோ பெயர் சொல்லாமல் அலுவலகத்துக்குப் போன் செய்வார்கள். லவோனா வந்து தேடுவாள். ஒரு கதிர்கூட இருக்காது. காபி குடித்துவிட்டுக் கிளம்புவாள். பிறகு அடுத்த வருடம்வரை அந்தக் கதவை யாரும் தட்டமாட்டார்கள்.

இன்றும் வெறும் புல்தான்.

"பார்த்தீங்களா? சும்மா இருக்கறதுல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது!" சிரிக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது.

"உடம்புக்கு என்ன?"

"நிமோனியா. ஒரு மாசம் படுக்கையில கிடந்துட்டு இப்பதான் எழுந்தேன். அதை விடுங்க, இந்தத் தடவை புகார் பண்ணினது யாரு?" உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

"யாரும் பண்ணலை."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

லவோனா அவரைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"வருஷா வருஷம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உங்கமேல நீங்களே புகார் சொல்வீங்களே வெர்லின், அந்த போன் இந்த வருஷம் வரலை. அதான் பயந்துபோய் ஓடி வந்தேன்."