கப்பல் யார்டில் வேலை

"இந்த வருஷம் மட்டும் நாலு முடிச்சிருக்கேன்னு எங்கப்பா முன்னாடி பெருமையா உளறி வைக்காதே" என்றாள் அவள், படியேறிக்கொண்டே.

"நாலு இல்ல, அஞ்சு" என்றான் அவன்.

"ஒண்ணைப் பத்திக்கூட மூச்சு விடக்கூடாது. விஷயம் தெரிஞ்சா அந்த நிமிஷமே உன்னை வெளியே அனுப்பிட்டு, எனக்கு வேற இடம் பாக்க ஆரம்பிச்சுடுவார்."

யாரும் பயந்துவிட வேண்டாம். அவன் முடித்ததெல்லாம் கப்பல்களை. வயதான கப்பல்களைக் கரையேற்றி, துண்டு துண்டாக வெட்டி, பழைய இரும்பாக அனுப்பும் யார்டில் அவன் மேற்பார்வையாளர். உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, அவள் போய்க் காதலித்தது கப்பல் உடைப்பவனை. அவள் அப்பாவோ கப்பல் என்றால் உயிரை விடுபவர்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. ஆனால் எந்த மூலையில் புதிதாகச் சொகுசுக் கப்பல் கட்டினாலும், முதல் தகடு வெட்டிய நாளிலிருந்து தண்ணீரில் இறக்கும் நாள்வரை அவருடைய நோட்டில் ஏறிவிடும். எத்தனை தளம், எத்தனை அறை, முக்கியமாக எத்தனை லிஃப்ட். நோட்டில் இருந்த கப்பல் ஒன்றை உடைக்கப் போகிறார்கள் என்று போன வருஷம் செய்தி வந்தபோது, மனுஷர் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

"வேலை என்னன்னு கேட்டா 'கப்பல் யார்டு'ன்னு சொல்லு. அது பொய்யில்லையே" என்று சொல்லிவிட்டு அவள் மணியை அழுத்தினாள்.

உள்ளே அப்பா டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு நாட்டில், புத்தம் புதுக் கப்பல் நிற்கும் பிரம்மாண்டமான தொட்டியில் தண்ணீர் விடுவதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நிரம்பியதும் கப்பல் தானாக மிதக்குமாம்.

"காலையில ஆறு மணியிலேர்ந்து தண்ணி ரொம்புறதைப் பாத்துட்டு இருக்கார்" என்றாள் அம்மா. "நம்ம வீட்டு டேங்க் ரொம்பி வழிஞ்சதை மட்டும் பாக்கலை."

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார் அப்பா. "கப்பல் யார்டுல வேலைன்னு பொண்ணு சொன்னா. கப்பலைக் கையால தொட்ட ஆளை நான் இப்பத்தான் நேர்ல பாக்குறேன்."

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். நோட்டு அப்பாவின் மடிக்கு வந்துவிட்டது.

"அடுத்து கையில என்ன கப்பல்?"

"பயணிகள் கப்பல்தான் சார். பதினோரு தளம்."

"நீச்சல் குளம்?"

"ரெண்டு."

"லிஃப்ட்?"

"பதினாலு."

"பதினாலா." அப்பா அந்த எண்ணை மட்டும் இரண்டு தரம் அடிக்கோடிட்டார். "வேலை எப்போ?"

"அடுத்த மாசம் சார்."

"மேல்தளத்துலேர்ந்துதானே ஆரம்பிப்பீங்க?"

"ஆமா சார், அதுதான் வசதி. அப்படியே ஒவ்வொரு தளமா கீழே வருவோம்."

அப்பா தலையாட்டிக்கொண்டே எழுதினார். அவளுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவன், தொழில் பேச்சு என்றதும் தடங்கல் இல்லாமல் பேசுகிறானே.

அம்மா காபி கொடுத்துவிட்டு மகளுக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். "எங்க அண்ணன் வந்தாக்கூட இவர் ரெண்டு வார்த்தை பேச மாட்டார். உங்ககிட்ட வாய் மூடலை பாருங்க" என்றாள். அப்பா பிஸ்கட் தட்டை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அவனால் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. இவ்வளவு வெள்ளந்தியான மனுஷரை ஏமாற்றித்தான் பெண் எடுக்க வேண்டுமா என்று மனசு உறுத்தியது. இன்றைக்கு மறைத்துவிட்டு ஆயுசு முழுக்க அந்த நோட்டுக்குப் பதில் சொல்ல முடியுமா?

"சார், என் வேலையைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

அவள் சட்டென்று காலை நீட்டி அவன் காலை மிதித்தாள். அவசரத்தில் மிதிபட்டது அம்மாவின் கால்.

"எருமை, எதுக்குடி மிதிக்கிற?"

"இருங்க இருங்க, அசையுது" என்றார் அப்பா.

டிவியில் கப்பல் கொஞ்சம்போல உயர்ந்தது. பிறகு மெதுவாக, எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுபோல நகர்ந்தது. அப்பா எழுந்து நின்று கைதட்டினார். கண் கலங்கியிருந்தது.

அதைப் பார்த்ததும், தொடர்ந்து மறைக்க அவனுக்கு மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது. அம்மா காலைத் தேய்த்துவிட்டு, காலி டம்ளர்களோடு சமையலறைக்குப் போனாள். மகள் அவனைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"சார், மன்னிச்சுடுங்க" என்றான் அவன். "நாங்க கப்பல் கட்டுறதில்ல..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை அவனருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உடைக்கிறப்போ, மேல்தளத்துல கிடக்குற சாய்வு நாற்காலி ஒண்ணை எனக்குன்னு எடுத்து வைப்பீங்களா, மாப்பிள்ளை?"