மண் பிசைய நாலு பலகை

மண் மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

சுரண்டி எடுத்தார். எண்ணெய் விடாத கல்லில் ஊற்றிய தோசை மாதிரி, பாதி கையோடு வந்தது. பாதி சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது.

சன்மைக்கா ஆகாது, கிரானைட் ஆகவே ஆகாது என்று மண்பாண்ட வகுப்பில் தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னார்கள். மண் பிசைய வெறும் மரம் வேண்டுமாம். தண்ணீரைக் குடிக்கிற, பாலிஷ் போடாத மரம்.

அறுபத்தாறு வயதில் கிண்ணம் செய்து யாருக்குப் போடப்போகிறார்? வீட்டில் சாப்பிடுவது ஒரே ஒருத்தர்.

எல்லாம் மகள் நிவேதாவின் யோசனை. அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று மெல்பர்னிலிருந்தபடியே வகுப்பில் சேர்த்துவிட்டாள். அவருக்கு வேண்டியது பொழுதுபோக்கா? ருக்மணி.

மகளின் பிரசவத்துக்கு என்று ஆறு மாதம் போன மனைவி. பிறகு குழந்தைக்குப் பல் முளைத்தது. பிறகு நடந்தது. பிறகு இரண்டாவதும் பிறந்தது. மூன்று வருஷம் ஓடிவிட்டது.

எப்போது வருகிறாய் என்று கேட்பதை அவர் விட்டுவிட்டார். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மரக்கடைக்குப் போனார். பொள்ளாச்சியில் பலகைக்கா பஞ்சம்? வேம்பு, மா, பழைய தேக்கு என்று கடைக்காரர் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

வந்தவர் நேரே படுக்கையறைக்குப் போனார்.

கட்டில் பலகைக்கு யாரும் பாலிஷ் போடுவதில்லை. மெத்தைக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள்?

நடுச்சட்டத்துக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் ருக்மணி. அவளுடைய மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். நாலு பலகைகளைக் கழற்றினார்.

தன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

அந்தப் பக்கம் தரை தெரிந்தது. மூன்று வருஷத் தூசி.

வேண்டுமென்றேதான் செய்தார். ருக்மணி திட்ட வேண்டும். நான் வந்தால் எங்கே படுப்பது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அது போதும். பத்தே நிமிஷத்தில் திரும்ப மாட்டிவிடலாம். அதற்காகவே ஆணிகளைப் பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு வைத்தார்.

பழைய இரும்பு ஸ்டாண்டின் மேல் பலகைகளைப் பரப்பினார். மேசை தயார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ருக்மணி வீடியோவில் வந்தாள். இடுப்பில் சின்னது. அதற்கு இரண்டு நாளாகச் சளி என்றாள். அவர் போனைத் திருப்பி மேசையைக் காட்டினார்.

"பலகை நல்லாருக்குதுங்க. எங்க வாங்குனீங்க?"

வாங்கவில்லை, கட்டிலில் உன் பக்கத்துப் பலகைதான் என்றார்.

ருக்மணி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அதன் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

கேட்கப்போகிறாள் என்று நினைத்தார். இதோ கேட்கப்போகிறாள்.

"என் பக்கம் இன்னும் ரெண்டு பலகை இருக்குமேங்க," என்றாள் மெதுவாக. "அதையும் எடுத்துக்குங்க. மேசை அகலமா இருந்தா உங்களுக்குச் சௌரியம்."